சுழலும் கருந்துளையும் அச்சில் கட்டிய டைனமோவும்

கருந்துளைக்குள் விழுந்தது எதுவும் திரும்பி வருவதில்லை. ஒளியும் இதற்கு விலக்கன்று. இது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அதே கருந்துளைகளின் அருகிலிருந்து, ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில், ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்குத் தாரைகள் பீறிட்டுப் பாய்கின்றன என்பதும் உண்மை. எதையும் திருப்பித் தராத ஒன்றிடமிருந்து இவ்வளவு ஆற்றல் எப்படி வெளியே வருகிறது? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்கே விடை தேடுகிறது.

நான் வானியல் அறிஞன் அல்லன். பொறியியல் டிப்ளமோ முடித்து, ரயில்வேயின் மின்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பயணிகள் பெட்டியின் அடியில் தொங்கும் டைனமோவோடு பல ஆண்டுகள் பழகியவன். மேற்படி கேள்விக்கு விஞ்ஞானிகள் 1977-இல் கண்ட விடை, அடிப்படையில் அந்த டைனமோவின் தத்துவமே என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளிலும் தமிழ்வழி படிக்கும் மாணவச் செல்வங்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். மின்காந்தத் தூண்டல் பற்றிய பள்ளிப் பாடம் நினைவிருந்தால் போதும்.

வானத்தில் எங்கே இருக்கிறது?

முதலில் ஒரு கருந்துளையை முகவரியோடு அறிந்துகொள்வோம். பங்குனி உத்திரத்தன்று முழுநிலவு உத்திர நட்சத்திரம் இருக்கும் பகுதியில் நிற்கும். சிம்ம ராசியின் வால் நுனியில் உள்ள விண்மீனே உத்திரம். அந்நாட்களில் நள்ளிரவுக்கு அது நம் தலைக்கு மேலே வந்துவிடும். கையை முன்னே நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், அந்த முட்டியின் அகலம் வானத்தில் சுமார் பத்து டிகிரியை மறைக்கும். உத்திரத்திலிருந்து கிழக்கே அப்படி ஒரு முட்டி அகலம் தள்ளி, கன்னி ராசிப் பகுதியில், 'எம் 87' என்ற பெரிய விண்மீன் மண்டலம் இருக்கிறது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அது ஏறக்குறைய நேர் உச்சியைக் கடந்து செல்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நிலவில்லாத சித்திரை மாத இரவில் சிறிய தொலைநோக்கி வைத்துப் பார்த்தால், மங்கிய பஞ்சுப் பொட்டுப் போலத் தெரியும்.

அதன் தூரம் சுமார் 5.5 கோடி ஒளியாண்டுகள். 1918-இல் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் ஹீபர் கர்டிஸ் என்பவர் அதன் நடுவிலிருந்து நேர்க்கோடாக ஓர் ஒளிக்கதிர் நீண்டிருப்பதைக் கண்டு குறித்துவைத்தார். அது என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. அதுவே இன்று நாம் 'தாரை' என்று அழைப்பது. சுமார் 5,000 ஒளியாண்டு நீளம் உள்ளது.

அந்தத் தாரையின் வேரில் இருப்பது 650 கோடி சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை. உலகின் பல மூலைகளிலுள்ள ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றிணைத்து எடுத்த அதன் படம் 2019 ஏப்ரல் 10 அன்று வெளியாயிற்று. செம்மஞ்சள் வளையமும் நடுவே இருட்டுமாக அதைப் பலரும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். சூரியனை நசுக்கிக் கருந்துளையாக்கினால் அதன் ஆரம் 3 கி.மீ. ஆகும். எனவே 650 கோடி சூரியன்களுக்கு ஆரம் 1,950 கோடி கி.மீ. ஒளிக்கே இந்தத் தூரத்தைக் கடக்கச் சுமார் 18 மணி நேரம் வேண்டும். சுழலும் கருந்துளையானால் ஆரம் சற்றுக் குறையும்.

இந்தத் தாரையின் ஆற்றலைப் பற்றிய கணிப்புகள் முப்பது கோடி சூரியன்களின் ஒளியாற்றலில் தொடங்கிப் பல ஆயிரம் கோடி சூரியன்கள் வரை போகின்றன. எந்தக் கணிப்பை எடுத்துக்கொண்டாலும், இது எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

நீலகிரியில் ஒரு செவி

இத்தகைய தாரைகள் நம் கண்ணைவிட ரேடியோ அலைகளுக்கே நன்றாகப் புலப்படுகின்றன. நமக்கு வடக்கே, நீலகிரி மலையில், ஊட்டிக்கு அருகே 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. அதை அமைத்தவர் கோவிந்த் சுவரூப். அவர் இடம் தேடிய விதமே பொறியாளர்களுக்கு ஒரு பாடம். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. வடக்கு தெற்காக அதே 11 டிகிரிச் சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப்பிடித்து, அதன்மேல் தொலைநோக்கியைக் கிடத்தினார். ஆகவே அதன் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் தொடரலாம்.

தொலைவிலுள்ள ரேடியோ மூலம் ஒன்றை நிலவு மறைக்கும்போது, அதன் ஒலி எப்படிப் படிப்படியாக அடங்குகிறது என்று பதிவு செய்து, அதன் வடிவத்தையும் அளவையும் ஊட்டியில் கணக்கிட்டார்கள். இவ்வாறு நூற்றுக்கணக்கான மூலங்கள் அளக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ரேடியோ மண்டலங்களும் குவாசர்களும் ஆகும். பல ரேடியோ மண்டலங்களில் நடுவே ஒரு விண்மீன் மண்டலமும், அதன் இருபுறமும் வெகுதூரத்தில் இரண்டு பெரிய ரேடியோ மேகங்களும் இருக்கும். நடுவிலிருந்து புறப்படும் இரட்டைத் தாரைகளே அம்மேகங்களுக்குத் தீனி போடுகின்றன. 2024-இல் அறிவிக்கப்பட்ட 'போர்ஃபீரியன்' என்ற இரட்டைத் தாரை முனைக்கு முனை சுமார் 2.3 கோடி ஒளியாண்டு நீளம். நம் பால்வீதியைப் போல நூற்றுக்கு மேற்பட்டவற்றை வரிசையாக அடுக்கலாம்! அதன் பிறப்பிடமான மண்டலத்தை அடையாளம் காண உதவியவற்றுள் சுவரூப் புனே அருகே அமைத்த ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியும் ஒன்று.

விழுவதால் வரும் ஆற்றல், சுழல்வதால் வரும் ஆற்றல்

இயந்திரங்களில் ஆற்றல் இரண்டு வழிகளில் சேமிக்கப்படுவதை நாம் நன்கு அறிவோம்.

ஒன்று உயரம். இடுக்கி நீர்த்தேக்கத்துத் தண்ணீர் சுரங்கக் குழாய்களின் வழியே 600 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து மூலமட்டம் நிலத்தடி மின்நிலையத்துக்கு இறங்குகிறது. 1976-இல் முதல் கட்டம் தொடங்கிய அந்நிலையத்தில் 130 மெகாவாட் திறனுள்ள ஆறு இயந்திரங்கள், ஆக 780 மெகாவாட். தண்ணீர் விழுவதனால் வரும் மின்சாரம் அது.

மற்றொன்று சுழற்சி. கனமான சக்கரத்தைச் சுழற்றிவிட்டால், தள்ளுவதை நிறுத்திய பின்பும் அது சுழன்றுகொண்டிருக்கும். அதனிடமிருந்து வேலை வாங்கலாம். வாங்க வாங்க அதன் வேகம் குறையும்.

கருந்துளையிடமும் இவ்விரண்டும் உண்டு. சுற்றியுள்ள வாயு ஒரு வட்டுப்போலச் சுழன்றபடி உள்ளே விழும்போது சூடேறி ஒளி வீசுகிறது. இது மூலமட்டம் வழி. சுழலாத கருந்துளையில் விழும் பொருளின் நிறையில் சுமார் 6 சதவீதம் ஆற்றலாக மாறலாம். மிக வேகமாகச் சுழலும் கருந்துளையில் 42 சதவீதம் வரை மாறலாம். சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது கிடைப்பது 0.7 சதவீதம் மட்டுமே என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் தாரைக்கு ஆற்றல் தருவது விழும் வாயுவா, அல்லது கருந்துளையின் சொந்தச் சுழற்சியா? இதுதான் வானியலார் அரை நூற்றாண்டாக வாதிட்டுவரும் கேள்வி.

வெளியையே இழுத்துச் சுழற்றும் துளை

ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து சுழலும் கருந்துளைக்கான தீர்வை 1963-இல் கண்டவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ராய் கெர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் இத்தீர்வைக் கண்டு பெரிதும் வியந்தவர். இயற்கையிலுள்ள எண்ணற்ற கருந்துளைகளை நிறை, சுழற்சி என்ற இரண்டே எண்களால் முழுமையாக விவரித்துவிட முடிகிறதே என்பதே அந்த வியப்பு. தம் கடைசிக் காலப் பெருநூல்களில் ஒன்றை அவர் கருந்துளைகளின் கணிதத்துக்கே அர்ப்பணித்து 1983-இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே நோபல் பரிசும் பெற்றார்.

சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே தன்னோடு இழுத்துச் சுழற்றுகிறது. வெண்ணெய் கடையும் மத்தைச் சுற்றித் தயிர் சுழல்வதை மனத்தில் கொள்ளலாம். மத்துக்கு அருகே சுழற்சி வேகம், தள்ளிப்போகப் போக மெதுவு. கருந்துளையின் எல்லைக்குச் சற்று வெளியே ஒரு பகுதி உண்டு. அங்கே எப்பொருளும் அசையாமல் நிற்கவே முடியாது; எவ்வளவு சக்தி வாய்ந்த ராக்கெட்டை இயக்கினாலும் கருந்துளை சுழலும் திசையிலேயே சுழன்றாக வேண்டும். இப்பகுதிக்கு எர்கோஸ்பியர் என்று பெயர். கிரேக்க மொழியில் 'எர்கான்' என்றால் வேலை. வேலை வாங்கக்கூடிய மண்டலம் என்பதால் இப்பெயர்.

இங்குதான் நம் முதல் கேள்விக்கான சாவி கிடைக்கிறது. எர்கோஸ்பியர் கருந்துளையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆகவே அங்கிருந்து வெளியே வருவதற்குத் தடையில்லை. சுழற்சி ஆற்றலைப் பெறக் கருந்துளையின் உள்ளே போய் எதையும் எடுத்துவர வேண்டியதில்லை!

1969-இல் ரோஜர் பென்ரோஸ் ஒரு வழியைச் சொன்னார். எர்கோஸ்பியருக்குள் போகும் ஒரு பொருள் இரண்டாக உடைகிறது. ஒரு துண்டு, வெளியே உள்ளவர் கணக்கில் 'கழித்தல் குறி' உள்ள ஆற்றலோடு கருந்துளைக்குள் விழுகிறது. மற்றது, போனதைவிட அதிக ஆற்றலோடு வெளியே வருகிறது. கழித்தல் ஆற்றலா என்று மலைக்க வேண்டாம். ஒருவர் சொத்தில் ஒரு கடன் பத்திரம் வந்து சேர்ந்தால் சொத்தின் மதிப்பு குறைகிறதல்லவா? அதுபோலக் கருந்துளை 'கடனை' விழுங்குகிறது. அதன் நிறையும் சுழற்சியும் குறைகின்றன. கணக்கு நேராகிவிடுகிறது. முழு வேகத்தில் சுழலும் கருந்துளையிடமிருந்து இப்படி அதிகபட்சம் அதன் நிறையில் 29 சதவீதம் வரை பெறலாம்.

ஆனால் ஒரு சிக்கல். அத்துண்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று ஒளிவேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் பிரிய வேண்டும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். இயற்கையில் இது எளிதில் நடக்காது. காந்தப்புலம் குறுக்கே வந்தால் இத்தடை நீங்கிவிடும் என்று 1985-இல் நரேஷ் தாதிச் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் காட்டினர். அதற்கு முன்பே, காந்தப்புலத்தை மட்டும் கொண்டு வேறொரு நேர்வழி கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

டைனமோ செய்யும் வேலை

ரயில் பெட்டி விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பயணிகள் கேட்பதுண்டு. மேலே போகும் 25,000 வோல்ட் கம்பியிலிருந்து என்று பலர் நினைப்பார்கள். பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளில் அப்படியில்லை. பெட்டியின் சக்கர அச்சில் ஒரு கப்பி, அதிலிருந்து பெல்ட், பெல்ட்டின் மறுமுனையில் டைனமோ. பின்னாளில் அதன் இடத்தில் ஆல்டர்னேட்டர் வந்தது. வண்டி ஓடினால் அச்சு சுழலும், பெல்ட் இழுக்கும், டைனமோ மின்சாரம் தரும், பாட்டரி நிறையும், விளக்கு எரியும்.

இதில் இலவசம் எதுவும் இல்லை. டைனமோவில் மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் காந்தப்புலம் அச்சைப் பின்னோக்கிப் பிடித்து இழுக்கும். விளக்கு எரிய எரிய, இஞ்சின் அந்த அளவுக்குக் கூடுதலாக இழுத்தாக வேண்டும். இஞ்சினைக் கழற்றிவிட்டு உருளும் இரண்டு பெட்டிகளில், டைனமோ வேலை செய்யும் பெட்டி சற்று முன்னதாகவே நிற்கும். அதாவது விளக்கின் ஒளி என்பது வண்டியின் ஓட்டமே உருமாறி வந்தது. இன்றைய மூன்று பேஸ் மின்சார இஞ்சின்களில் இதையே பிரேக்காகப் பயன்படுத்துகிறார்கள். சரிவில் இறங்கும்போது மோட்டார்கள் ஜெனரேட்டர்களாக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்துகின்றன. பிறக்கும் மின்சாரம் மேலே உள்ள கம்பிக்கே திரும்பிப் போகிறது.

1977-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரோஜர் பிளாண்ட்ஃபோர்டும் ரோமன் ஸ்னாயெக்கும் கருந்துளைக்குச் சொன்னது இதைத்தான். கருந்துளை சுழலும் அச்சு. அதை ஊடுருவிச் செல்லும் காந்தப்புலக் கோடுகள் பெல்ட். வெளியே உள்ள பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள்கள் நிறைந்த வாயு, மின்சுற்றின் கம்பி. வெகுதூரத்தில் ஒளிரும் தாரை விளக்கு. எர்கோஸ்பியரில் வெளி சுழல்வதால் புலக்கோடுகளும் கட்டாயமாகச் சுழற்றப்படுகின்றன. அவை ஆற்றலை வெளியே கடத்துகின்றன. கருந்துளை அந்த அளவுக்கு வேகம் இழக்கிறது. காந்தப்புலம் கருந்துளைக்குப் போட்ட பிரேக்கே தாரை!

வோல்ட் கணக்கு

1831-இல் மைக்கேல் ஃபாரடே ஒரு செப்புத்தட்டைக் காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே சுழற்றினார். தட்டின் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே மின்னழுத்தம் தோன்றியது. புலத்தின் வலிமை, தட்டின் அளவு, விளிம்பின் வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அதன் அளவு தோராயமாகக் கிடைக்கும்.

அதே கணக்கை எம் 87-க்குப் போட்டுப் பார்ப்போம். கருந்துளையின் அருகே காந்தப்புலம் 1 முதல் 30 காஸ் வரை இருக்கும் என்று 2021-இல் கணித்தார்கள். 10 காஸ், அதாவது 0.001 டெஸ்லா என்று கொள்வோம். வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டிக் கதவின் காந்தமே இதைவிட வலுவானது. ஆனால் அளவோ 1,000 கோடி கி.மீ., அதாவது 1-க்குப் பின் 13 சுழியம் போட்ட அத்தனை மீட்டர். வேகம் வினாடிக்கு 30 கோடி மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 30,000 கோடி கோடி வோல்ட். சுழற்சி முழு ஒளிவேகத்தை எட்டாது என்று பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டாலும் 3,000 கோடி கோடி வோல்ட்! காந்தம் மெலிந்தது, ஆனால் அச்சு மிகப் பெரிது. கருந்துளை டைனமோவின் இரகசியம் இதுவே.

மின்னழுத்தம் இரட்டித்தால் மின்திறன் நான்கு மடங்காகும் என்பது ஓம் விதியிலிருந்து நாம் அறிந்தது. ஆகவே புலம் இருமடங்கானால் தாரையின் ஆற்றல் நான்கு மடங்கு. சுழற்சி இருமடங்கானாலும் ஏறக்குறைய நான்கு மடங்கு. மின்தடையும் வேண்டுமே என்று கேட்பீர்கள். கருந்துளையின் எல்லையை 377 ஓம் தடையுள்ள தகடாகப் பாவித்துக் கணக்கிடலாம் என்று ஸ்னாயெக்கும் பிரான்ஸின் திபோ தாமூரும் 1978-இல் காட்டினர். உண்மையில் அங்கே செம்புத்தகடு எதுவும் கிடையாது. கணக்கை எளிதாக்கும் ஒரு கற்பனைப் படம் மட்டுமே.

கயிறு திரிப்பது போல

ஆற்றல் ஏன் எல்லாத் திசையிலும் சிதறாமல் ஒடுங்கிய தாரையாகப் போகிறது? கயிறு திரிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். இராட்டையைச் சுழற்றச் சுழற்ற நார் முறுக்கேறுகிறது. அதுபோல, கருந்துளையில் ஒரு முனையும் வெகுதூரத்தில் மறுமுனையுமாக உள்ள புலக்கோடுகள் சுழற்றப்பட்டு முறுக்கேறிச் சுருள் சுருளாகின்றன. வளையம் வளையமாகச் சுற்றிய புலக்கோடுகள், பீப்பாயைச் சுற்றிப் போட்ட இரும்புப் பட்டையைப் போலப் பிளாஸ்மாவை நடு அச்சை நோக்கி நெருக்குகின்றன. அதே சமயம், அமுக்கிய ஸ்பிரிங்கைப் போல அச்சின் வழியே வெளிநோக்கித் தள்ளுகின்றன. வட்டிலிருந்து கிளம்பும் வாயுக்காற்று பக்கங்களில் சுவர்போல நின்று துணை செய்கிறது. இரு மலைகளுக்கிடையே பாலக்காட்டுக் கணவாயில் நெருங்கி வீசும் காற்று நமக்குத் தெரிந்ததுதானே.

காந்தத்தைப் பிடித்துவைப்பது யார்?

டைனமோவில் ஃபீல்டு சுருள் போய்விட்டால் அச்சு எவ்வளவு சுழன்றாலும் மின்சாரம் வராது. கருந்துளைக்குச் சொந்தமாகக் காந்தப்புலம் கிடையாது. சுற்றியுள்ள வாயுவட்டே புலத்தை இழுத்துவந்து அதன்மேல் அழுத்திப் பிடித்திருக்கிறது. வட்டு நீங்கினால் புலமும் நழுவிவிடும்.

இங்கே நம் நாட்டவர் ஒருவரின் பங்கு பெரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்று, பின்னர் ஹார்வர்டில் பேராசிரியரான ரமேஷ் நாராயண், 2003-இல் துணைவர்களோடு ஒரு கருத்தை முன்வைத்தார். உள்ளே விழும் வாயு புலத்தைச் சிறிது சிறிதாகக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் சேர்ந்த புலத்தின் அழுத்தமே அணைபோல நின்று, மேற்கொண்டு வரும் வாயுவைத் தடுக்கும். வாயு இடுக்குகளின் வழியே கசிந்துதான் உள்ளே விழ முடியும். கருந்துளை தாங்கக்கூடிய உச்ச அளவுப் புலம் இந்நிலையில் அமைகிறது.

2011-இல் அலெக்சாண்டர் செகோவ்ஸ்கோய், நாராயண், மெக்கின்னி ஆகியோர் இந்நிலையைக் கணினியில் உருவாக்கிப் பார்த்தார்கள். வேகமாகச் சுழலும் கருந்துளைக்குள் விழுந்த வாயுவின் மொத்த நிறை ஆற்றலை 100 என்றால், வெளியே வந்த ஆற்றல் சுமார் 140! விழுந்ததைவிட வந்தது அதிகம். விழும் வாயுவால் மட்டும் இதைத் தர முடியாது. கூடுதல் ஆற்றல் கருந்துளையின் சுழற்சியிலிருந்தே வந்திருக்க வேண்டும். மூலமட்டம் வழி மட்டுமல்ல, டைனமோ வழியும் உண்டு என்பதற்கு இது வலுவான கணக்குச் சான்று.

வானம் என்ன சொல்கிறது?

கணினி சொன்னால் போதாது. வானமும் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில், எம் 87 கருந்துளை வளையத்தின் ஒளி எந்தத் திசையில் முனைவுற்றிருக்கிறது என்ற படம் வெளியாயிற்று. இரும்புத்தூள் காந்தக் கோடுகளைக் காட்டுவது போல, அப்படம் புலத்தின் அமைப்பைக் காட்டியது. நாராயண் சொன்ன 'அணைகட்டிய' நிலையோடு அது நன்கு பொருந்தியது. 2023-இல், 22 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அத்தாரை தலைசாயும் பம்பரம் போல 11 ஆண்டுக்கு ஒருமுறை திசையசைகிறது என்று அறிவித்தனர். கருந்துளை சுழல்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

இருப்பினும் வழக்கு முடிந்துவிடவில்லை. நம் பால்வீதியிலேயே, சில சூரியன்களின் நிறையுள்ள சிறு கருந்துளைகள் தாரைகளை வீசுகின்றன. வேகமாகச் சுழல்பவை வலுவான தாரை தர வேண்டுமே, தருகின்றனவா? தொடர்பு எதுவும் தெரியவில்லை என்று ராப் ஃபெண்டர் குழுவினர் 2010-இல் எழுதினர். தொடர்பு உண்டு, அதுவும் 1977-இன் கணக்குப்படியே உண்டு என்று நாராயணும் மெக்கிளின்டாக்கும் 2012-இல் எழுதினர். இவர்கள் கையாண்டவை நான்கைந்து கருந்துளைகளே. அத்தனை சிறு எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. தவிர, வட்டிலிருந்தே தாரை எழலாம் என்று பிளாண்ட்ஃபோர்டும் பெய்னும் 1982-இல் தந்த மாற்று விளக்கமும் உயிரோடுதான் இருக்கிறது. வட்டின் காற்றும் கருந்துளையின் தாரையும் ஒருங்கே இயங்கலாம்.

நம் பால்வீதியின் மையத்திலுள்ள 40 லட்சம் சூரியன் நிறையுள்ள கருந்துளையிடம் எம் 87 போன்ற பெருந்தாரை காணப்படவில்லை. அதன்மேல் விழும் வாயு மிகச் சொற்பம். ஆனால் 2024 மார்ச்சில் வெளியான படம் அங்கும் ஒழுங்கான காந்தப்புலம் இருப்பதைக் காட்டியது. மறைந்திருக்கும் சிறு தாரை உண்டா என்று தேடுகிறார்கள்.

பெல்ட் ஆற்றல் தராது

இவ்வளவு தூரம் எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'காந்தத்தின் சக்தியால் தானாகவே ஓடும் இயந்திரம், எரிபொருள் வேண்டாம், மின்கட்டணம் வேண்டாம்' என்று காட்டும் படங்கள் கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றி வருகின்றன. அப்படி ஓர் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டி இழந்த தோட்டக்காரர் ஒருவரை நான் அறிவேன். படித்தவர்தான். வந்து இறங்கிய பெட்டிக்குள் ஒரு பாட்டரி ஒளிந்திருந்தது. அது தீர்ந்ததும் இயந்திரமும் நின்றது.

கருந்துளையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அறிந்த இயந்திரங்களிலெல்லாம் மாபெரும் காந்த இயந்திரம் அதுதான். அங்கேகூடக் காந்தம் ஒரு துளி ஆற்றலையும் தானாக உண்டாக்கவில்லை. அது பெல்ட் மட்டுமே. ஆற்றல் அச்சின் சுழற்சியிலிருந்து வருகிறது. அச்சு வேகம் குறைகிறது. எம் 87 கருந்துளை முழு வேகத்தில் சுழல்வதாகவே கொண்டால், அதில் சுமார் 190 கோடி சூரியன்களின் நிறைக்கு ஈடான சுழலாற்றல் இருக்கும். பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளைப் போலப் பல மடங்கு காலத்துக்கு அது தாரைக்குப் போதும். ஆனாலும் அது வற்றாத ஊற்று அன்று. ஒவ்வொரு கணமும் கருந்துளை விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கருந்துளைக்கே கிடைக்காத இலவசம் நம் வீட்டுக் கொல்லையில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், முதலில் 'எதன் வேகம் குறைகிறது?' என்று கேளுங்கள்.

மாணவர்கள் செய்து பார்க்க ஒரு சிறு சோதனை. பழைய பொம்மைக் காரிலிருந்து சிறிய மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளும் எதோடும் சேராமல் இருக்கையில் தண்டை விரலால் சுழற்றுங்கள். பிறகு இரு முனைகளையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்துவிட்டு மறுபடி சுழற்றுங்கள். இப்போது தண்டு சற்றே முரண்டு பிடிப்பதை விரல் உணரும். அந்தச் சிறு முரண்டுதான் 5.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் தாரையாகப் பாய்கிறது. ஐயம் இருப்பின் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் இயன்றவரை விளக்குகிறேன்.